பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு போலீஸ் தலைவரின் ரிவால்வர்

வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்தால் முதலில் அதைக் கையில் எடுக்காதீர்கள். அதைக் காரில் போட்டுக்கொண்டு பாலாய்க்கும், அதாவது போலீஸ் நிலையத்துக்கும், கிளம்பாதீர்கள். ஒப்படைக்கும் நல்ல எண்ணம் உங்கள் மனசில்தான் இருக்கிறது. வழியில் ரோட் பிளாக்கில் நிறுத்திவிட்டால், வண்டியில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். போலீசுக்குப் போன் போடுங்கள், அவர்கள் வருவார்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாட்டி காலமான பிறகு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். டிரங்குப் பெட்டியின் அடியில், கைலித் துணியில் சுற்றிய ஒரு ரிவால்வர். பக்கத்தில் சிகரெட் தகர டப்பா, அதற்குள் பச்சை பூத்த தோட்டாக்கள். "துரையோட சாமான் ஒன்னு பெட்டியில இருக்குன்னு அப்பா சொல்வாரு. என்ன சாமான்னு நாங்க யாரும் கேட்டதில்ல" என்றார் அம்மா.

தாத்தா, ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், கோலகங்சாரில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் தலைவருக்குக் கார் ஓட்டியவர். 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ விழுந்தது. துரைமார் தெற்கே போனார்கள். இவர் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போன துரை திரும்பி வரவேயில்லை.

போர் முடிந்ததும் ஏன் ஒப்படைக்கவில்லை என்று என் தம்பி கேட்டான். நம் ஊர்க் கதை தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொட்டுத்தான் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு என்று சட்டம். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தச் செய்தி எட்டாத தோட்டத்து லயம் இருந்திருக்காது. துரை கொடுத்தது என்று ஒரு டிரைவர் சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? தாத்தா வாயைத் திறக்காமல் இருந்தது சரிதான். அவருக்குப் பிறகு பாட்டியும் திறக்கவில்லை. இத்தனை வருஷமும் அந்தப் பயத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

இன்றைய சட்டமும் லேசானதல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971-ஆம் ஆண்டுத் தண்டனை அதிகரிப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டால் பதினான்கு ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. மாமா ஒருவர், "பழைய சாமானுக்கு வெளிநாட்டுல நல்ல விலை, கொஞ்சம் பொறு" என்றார். அமெரிக்காவில் 1898 வரை செய்த துப்பாக்கிகளைச் சட்டமே பழம்பொருள் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது, உண்மைதான். அந்தச் சட்டம் இங்கே நமக்குக் காவலுக்கு வராது. "மாமா, இதுல விளையாட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

மாவட்டப் போலீஸ் தலைமையகத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டரும், தமிழ் பேசும் சார்ஜன் ஒருவரும் வந்தார்கள். பெட்டி இருந்த இடத்திலேயே படம் எடுத்தார்கள். சார்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு துணியைப் பிரித்தார். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். பர்மிங்காம் வெப்ளி கம்பெனி செய்தது. நடுவில் முறிந்து குழல் முன்பக்கம் மடிகிற வகை. அதைத் திறந்து ஆறு அறையும் காலி என்று உறுதி செய்த பிறகுதான் மேசையில் வைத்தார். உடம்பு முழுக்கப் பூங்கொடி வேலைப்பாடு, பாட்டியின் கூறைப்புடவைக் கரை மாதிரி நெருக்கமாக. ஒவ்வொரு கோடும் மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் ஆழமாகி, நுனியில் மறுபடி மெலிகிறது. உளி பிடித்து ஒருவர் உட்கார்ந்து வெட்டிய வேலை அது. கைப்பிடியின் பின்பட்டையில் துரையின் பெயர், கீழே எஃப்.எம்.எஸ். (வெள்ளைக்காரர் காலத்து மலாய் ஐக்கிய மாநிலங்கள்) போலீஸ், 1929. பெயரில் ஒரு எழுத்தைத் துரு தின்றுவிட்டது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

அடுத்து ரிப்போட். இந்த இடத்தில் கொஞ்சம் விடாப்பிடியாக இருங்கள். முதலில் 'பழைய ரிவால்வர் ஒன்று, தோட்டாக்கள்' என்று மட்டும் எழுதினார்கள். "துவான் (ஐயா), செதுக்கியிருக்கிற எழுத்தையும் அப்படியே போடுங்க, நம்பரையும் போடுங்க" என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, விளக்கை இழுத்துப் பிடித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார். அது இல்லாவிட்டால் கிடங்கில் ஆயிரத்தோடு ஒன்றாகக் கிடக்கும். அழிக்கிற பட்டியலில் சேர்ந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது.

வாக்குமூலம்தான் நீண்டது. யார் வைத்தது, யாருக்குத் தெரியும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அம்மாவிடமும் தனியாகக் கேட்டார்கள். பாட்டியின் இறப்புச் சான்றிதழ், எங்கள் ஐ.சி. (அடையாள அட்டை), தாத்தா சீருடையில் காருக்குப் பக்கத்தில் நிற்கும் படம் எல்லாவற்றுக்கும் நகல் கொடுத்தோம். அந்தப் படம் பெரிய உதவி. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அம்மா அப்படித்தான் சொன்னார், யாரும் அதட்டவில்லை. போகும்போது சார்ஜன், "பயப்படாதீங்கம்மா, நீங்களே கூப்பிட்டுக் கொடுத்தீங்க, அது ரிப்போட்ல இருக்கு" என்றார்.

ரிப்போட் நகலை வாங்காமல் அனுப்பாதீர்கள். அதை இணைத்துத்தான், விசாரணை முடிந்ததும் ரிவால்வரைக் கோலாலம்பூர் போலீஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று மனு எழுதினேன்.  எஃப்.எம்.எஸ். போலீஸ் காலத்துச் சாமான் போலீஸ்காரர்களிடமே பத்திரமாக இருப்பதுதான் முறை. மனுவில் ஒன்று சேர்த்திருக்கிறேன்: காட்சிக்கு வைத்தால் துரையின் பெயரோடு, அதைக் காப்பாற்றி வைத்த டிரைவரின் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.