நட்சத்திரக் குறி போட்ட கட்டம்

"தம்பி, இந்தக் கட்டத்தை நிரப்பியே ஆகணுமா?"

அக்கா கேட்டது இவ்வளவுதான். "நட்சத்திரக் குறி போட்டிருக்குல்லக்கா, நிரப்பாம விட்டா அடுத்த பக்கத்துக்கே போகாது" என்றேன். "தெரியவில்லைன்னு ஒண்ணு கொடுத்திருக்கீங்களே, அதைத் தொட்டுட்டுப் போயிடவா?" என்றார். "தெரிஞ்சுகிட்டே தெரியலைன்னு போட்டா அது பொய்ப் பதிவாயிடும்க்கா" என்றேன். அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. திரையைத் தொட்டார், பக்கம் நகர்ந்தது. மொத்தம் அரை நிமிடம் இருந்தால் அதிகம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அந்த அரை நிமிடத்தை நான் தாண்டவில்லை.

அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று எங்களைப் போலக் குழந்தைகள் நலக் களப்பணியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய ஆள் கிளம்புகிறார், புது ஆள் வந்துவிட்டார், பேப்பர் ஃபைலிலிருந்து டேப்லெட்டுக்கு மாறுவதும் அதே வாரம், எல்லோருக்கும் புதுப்பிப்புப் பயிற்சியும் அதே வாரம். அக்கா 11 வருஷம் ஒரே பகுதியைப் பார்த்தவர், அவர் கையில் 38 குடும்பங்கள். ஒப்படைக்க ஐந்து நாள். அதில் இருவரும் சேர்ந்து வீடுகளுக்குப் போய்வர இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன், அதிலும் ஒரு நாளை நானே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். இதைப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு என்றால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று தோன்றுவதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த நாளில் அவர்கள் சேர்ந்து போயிருக்க வேண்டிய வீடுகளில் ஒன்றுதான் அந்தப் பாட்டி வீடு.

பாட்டியும் பேரனும் மட்டும். பையனுக்கு ஒன்பது வயது. அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அம்மா இருந்தது சிறையில். அக்கா கேட்ட கட்டம், 'பெற்றோரின் தற்போதைய நிலை'. உடன் வசிக்கிறார், பிரிந்து வசிக்கிறார், இறந்துவிட்டார், சிறையில், தெரியவில்லை என்று ஐந்து தெரிவுகள். அந்தப் பட்டியலைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன்.

பழைய பேப்பர் ஃபைலை நான் முழுதாகப் புரட்டிப் பார்த்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான். முதல் பக்கத்தில் 'தாய் உடன் இல்லை' என்று மட்டும் இருந்தது. சிறை பற்றிய காகிதம் ஃபைலின் கடைசியில், ஒட்டிய ஓர் உறைக்குள். உறையின் மேல் பென்சிலில் 'வீட்டில் பிரிக்க வேண்டாம்'. அக்கா பெரிய ஃபைலை எந்த வீட்டுக்குள்ளும் எடுத்துக்கொண்டு போனதில்லையாம், பையில் ஒரு சின்ன நோட்டு மட்டும்தான் இருக்குமாம். இந்த ஏற்பாடு எந்தக் கையேட்டிலும் இல்லை. புது ஆப்பில் ஓர் உறையை எப்படி ஒட்டுவது என்று யாரும் யோசிக்கவும் இல்லை. மாறாக, முக்கியமான விவரம் எதுவாக இருந்தாலும் பெயருக்குக் கீழே சிவப்புப் பட்டையில் வந்து நிற்கும். களப்பணியாளர் கண்ணில் படாமல் எதுவும் போய்விடக் கூடாது என்பதற்காக. கூட்டத்தில் அந்தச் சிவப்புப் பட்டை வேண்டும் என்று அழுத்திப் பேசியவன் நான்தான்.

ஏன் பேசினேன் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ மென்பொருள் மோகத்தில் செய்தது போல ஆகிவிடும். எங்கள் துறையில் பயிற்சி எடுக்கும் எவரும் விக்டோரியா கிளிம்பியே என்ற பெயரைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. எட்டு வயதுக் குழந்தை, 2000 பிப்ரவரியில் லண்டனில், பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கையாலேயே செத்துப்போனாள். 2003-இல் வந்த லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தருணங்கள் குறைந்தது 12 இருந்தன என்றது. சமூகநலத் துறை, மருத்துவமனை, போலீஸ் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு விவரம் இருந்தது, யாரும் முழுதாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. அதைச் சொல்லிப் பயிற்சி நடத்துகிற ஆள், தெரிந்த ஒன்றைத் 'தெரியவில்லை' என்று பதிவு செய்யச் சம்மதிப்பானா? சம்மதிக்க மாட்டான். இன்றைக்குக் கேட்டாலும் சம்மதிக்க மாட்டேன். நாளைக்கே அந்த அம்மா விடுதலையாகி வாசலில் வந்து நின்றால், புது ஆளுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும்?

இதுவரை என் கட்சி பலமாகத்தான் இருக்கிறது.

அடுத்து நடந்தது இது. புதிதாகச் சேர்ந்த பெண்ணின் இரண்டாவது வாரம். தனியாக அந்த வீட்டுக்குப் போகிறார். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று விடாமல் செய்கிறார். குழந்தையின் உயரத்துக்கு உட்காருங்கள். டேப்லெட்டை இருவருக்கும் நடுவில் சுவர் மாதிரி பிடித்துக்கொண்டு பேசாதீர்கள், பக்கத்தில் வைத்து அவர்களும் பார்க்கும்படி செய்யுங்கள், தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 1989, பிரிவு 12, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது என்று ஒரு ஸ்லைடு வேறு போட்டிருந்தேன். அந்தப் பெண் தரையில் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் சரியாக இருக்கிறதா பார் என்று காட்டியிருக்கிறார். பையன் தன் பெயரைப் படித்தான். பிறந்த தேதியைப் படித்தான். அப்படியே அதற்குக் கீழே இருந்ததையும், போகிற வழியில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வருவார்களே பிள்ளைகள், அந்த ராகத்தில் சத்தமாகப் படித்திருக்கிறான். "தாய், சிறையில்."

பாட்டிக்கு எழுத்து தெரியாது. காது கேட்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாராம். இதைத்தான் அந்தப் பெண் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஜன்னலைச் சாத்தினாங்க சார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல." டேப்லெட்டை அந்தப் பெண் தன் மடியில் கவிழ்த்து வைத்தபோது பையன் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார். "நீ ஒரு தப்பும் பண்ணலைம்மா" என்றேன். அது நிஜம். அப்போ யார் பண்ணினது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிஸ்டம் என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், எங்களுக்கெல்லாம் அந்த வார்த்தை கைவசம் எப்போதும் இருக்கும்.

சரி, அக்கா நேராகச் சொல்லியிருக்கலாமே என்று பல நாள் அவர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். 'தம்பி, பையனுக்கு இது தெரியாது, கவனம்' என்று ஒரு வரி. பெரிய ரகசியமா, நான் அவருடைய கோஆர்டினேட்டர்தானே. அப்புறம் வேறு மாதிரி தோன்றும். 11 வருஷத்தில் ஒரு படிவத்தைப் பற்றி அவர் என்னிடம் சந்தேகம் கேட்டதே கிடையாது. புதுப் படிவம் வந்தால் வாங்கிக்கொண்டு போவார், மறுநாள் நிரப்பிக் கொண்டுவந்து வைப்பார். அவர் நிரப்பியே ஆகணுமா என்று கேட்கிறார் என்றால், அதுதான் அவர் சொன்னது. நான் பதிலுக்கு "ஏன்க்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. அந்த நேரம் என் கையில் புரொஜெக்டர் வயர் இருந்தது, வேறு யாரோ லாகின் ஆகவில்லை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போதும் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கவனித்திருக்கிறேன்.

மருத்துவமனைகளில் ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரத்தை ஒப்படைப்பதற்கு ஐ-பாஸ் என்று ஒரு முறை உண்டு. ஒன்பது மருத்துவமனைகளில் செய்து பார்த்து, மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-இல் வெளியிட்டார்கள். அதில் ஐந்து படி. கடைசிப் படி, கேட்டுக்கொண்டவர் தான் புரிந்துகொண்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. அங்கேதான் 'இல்லை, அப்படி இல்லை' என்று கிளம்புகிறவர் திருத்துவார். அந்த முறையை எங்கள் ஒப்படைப்புக்கு ஏற்றபடி சுருக்கியவன் நான். நேரம் போதாது என்று எதை வெட்டினேன் என்று சொல்லவும் வேண்டுமா. அந்தப் படி இருந்திருந்தால்கூட இது வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 38 குடும்பங்களை ஒரு மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து திருப்பிச் சொன்னால் எண்ணும் விவரமும் வரும், ஜன்னல் வராது. அந்த வீட்டுக்குள் இருவரும் சேர்ந்து நுழைந்திருந்தால் வாசலிலேயே அக்கா அந்தப் பெண்ணின் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கித் தன் பையில் போட்டிருப்பார். அந்த நாளைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். பயிற்சியில் 14 பேர் கையெழுத்து இருக்கிறது, வருகைப் பதிவேடு பத்திரமாக இருக்கிறது.

நோட்டு விஷயமும் உண்டு. அக்காவின் அந்தச் சின்ன நோட்டு. கடைசி நாளன்று எல்லோரும் சொந்தக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், குடும்பங்களின் விவரம் யார் வீட்டுப் பரணிலும் கிடக்கக் கூடாது என்று நானே சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். அவர் என் கண்ணெதிரே கிழித்தார். அதுவும் சரியான விதிதான். இந்தக் கதையில் தவறான விதி என்று ஒன்றைக்கூட என்னால் பிடித்துக் காட்ட முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

பெற்றோர் சிறையில் இருப்பதைக் குழந்தையிடம் மறைக்காமல், வயதுக்கேற்ற வார்த்தையில், நம்பிக்கையான ஆள் மூலமாகச் சொல்லிவிடுவது நல்லது என்றுதான் இந்தத் துறையில் பொதுவாகச் சொல்வார்கள். ஆக, பையனுக்கு உண்மை தெரிந்தது ஒருவகையில் நல்லதே என்றும் சில ராத்திரி நினைத்துக்கொண்டதுண்டு. மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வந்து, "சார், பையன் சொல்றான், எனக்கு முன்னாடியே தெரியும்னு. ஸ்கூல்ல ஒருத்தன் சொல்லிட்டானாம்" என்றபோது எனக்கு எவ்வளவு லேசாகிப் போனது என்று சொன்னால் வெட்கம். எழுந்து நின்றே விட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாட்டி பக்கத்துல உக்காந்திருந்தப்பதான் சார் சொன்னான்" என்றார். அதற்கு மேல் அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் அந்தப் பெண் என்னைவிட நன்றாக வேலை கற்றுக்கொண்டுவிட்டார்.

மாற்றங்கள் செய்தோம். சிவப்புப் பட்டையை இப்போது தொட்டால்தான் திறக்கும். ஐந்து தெரிவுகளோடு ஆறாவதாக 'தெரியும், இங்கே எழுதவில்லை, நேரில் பேசவும்' என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். அப்படிப் போட்டால் மாத அறிக்கையில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டார்கள், அதோடு எல்லோரும் அதையே தொட்டுவிட்டுப் போவார்கள் என்றார்கள். இரண்டாவது நியாயம்தான். நானே தொடுவேன். டேப்லெட்டைக் குழந்தைக்குக் காட்ட வேண்டாம் என்று பயிற்சியில் மாற்றினேன், இப்போது பிள்ளைகள் 'என்ன எழுதறீங்க' என்று எட்டிப் பார்ப்பதும் நாங்கள் மறைப்பதுமாக இருக்கிறது.

போன மாதம் இன்னொருவர் கிளம்பினார். அவரும் ஒரு கட்டத்தைக் காட்டி, இதை நிரப்பணுமா சார் என்றார். நான் கையில் இருந்த எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏன் கேக்கறீங்க?" என்றேன். அவர் குழம்பிப்போய், "சும்மாதான் சார், கட்டம் சின்னதா இருக்கு, டைப் பண்ண வரல" என்றார்.

அக்கா ஒரே ஒரு தடவைதான் போன் செய்தார். பையன் அதைப் படித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. என் உடம்பு, வீடு எல்லாம் விசாரித்துவிட்டு, "தம்பி, அந்தப் பாட்டி வீட்டைப் பத்தி ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு" என்றார். நாலு தடவை போய்ப் பேசிப் பேசிப் பாட்டியைச் சம்மதிக்க வைத்திருக்கிறாராம். பரீட்சை முடிந்ததும் அம்மாவைப் பற்றிப் பையனிடம் சொல்லிவிடலாம், பாட்டியே சொல்லட்டும், நாம் கூட இருந்தால் போதும், என்ன வார்த்தை சொல்வது என்றுகூடப் பேசி வைத்திருக்கிறார்கள். "புதுப் பொண்ணுகிட்ட மறக்காம சொல்லிடுங்க, அவசரப்பட வேணாம், பாட்டி ஆரம்பிக்கட்டும்."

"சரிக்கா, சொல்லிடறேன்" என்றேன்.

"பையன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்க்கா."