பஞ்சமம் பிடித்த பெட்டி

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரு கையில் தாம்பூலப் பை, தோளில் கிட்டார், முழங்காலில் சிராய்ப்பு. "புது ஸ்பீக்கர் பெட்டி பாடியதா?" என்று கேட்டாள் வீட்டம்மா. பாடியது என்றேன். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

உண்மையிலேயே பாடியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பாட்டுக் குழுவுக்கு ஸ்பீக்கர்களை வாடகைக்குக் கொண்டுவரும் மைக் செட் அண்ணனோடு நமக்கு ஒத்துப்போகவில்லை. அவருடைய ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் பீரோ உயரம். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி இரும்புப் பெட்டி, அதைத் தூக்க இரண்டு பையன்கள், பையன்களுக்கு இரண்டு சாப்பாடு. ஒரு நிகழ்ச்சிக்கு 6,000 ரூபாய் வாடகை. இத்தனைக்கும் பிறகு என் கிட்டாரின் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். பதினெட்டு வருடமாக இந்தக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். என்னைப் பார்த்தவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை.

எனவே சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று குழுவின் பாடகரான பாட்டு மாமா தீர்மானித்தார். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர். இரண்டு பெட்டி, ஆறு பேர், தலைக்கு 15,000. வீட்டில் 10,000 என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். நான்கு பேர் நிற்கக்கூடிய கடையில் ஆறு பேரும், மாமாவின் குடையும். பெட்டியின் மேல் "2000 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டிரம்ஸ் மச்சான் அதைத் தடவிப் பார்த்த விதத்தைக் கண்டால் அவர் மனைவிக்குப் பொறாமை வந்திருக்கும். கீபோர்டு தம்பி பின்பக்கம் குனிந்து பொடி எழுத்தைப் படித்தான். 2000 என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டித் தொடுகிற உச்சமாம். தொடர்ந்து கொடுப்பது 1000தானாம். மச்சானின் முகம் விழுந்துவிட்டது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்லப் போய், வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும் என்று தம்பி விளக்க, மச்சான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். வீட்டில் இதைச் சொன்னபோது, "நம் வீட்டு மிக்ஸி 750 வாட்ஸ். அதற்கே மாடி வீட்டுக் குழந்தை எழுந்துவிடுகிறது. போதாதா?" என்றாள். இதற்குத் தம்பியிடமும் பதில் இல்லை.

அடுத்து ஸ்பீக்கரின் கூம்பு 12 அங்குலமா, 15 அங்குலமா என்ற வழக்கு. வயிற்றில் குத்துகிற சத்தம் வேண்டும் என்று டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் 15 கேட்டார்கள். பெரிய கூம்பில் தன் குரலின் நுணுக்கம் அடிபட்டுப் போகும் என்று மாமா 12 கேட்டார். அந்த நுணுக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு வயது போதாது. தபலா அண்ணன் மட்டும், "எதைத் தூக்கினால் இடுப்பு பிடிக்காது?" என்று கேட்டார். அன்று அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். 12 அங்குலம் ஜெயித்தது.

சோதித்துப் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். மாமா மைக்கை வாங்கி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தொடங்கி, பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம் முடித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அதுவரை பக்கத்துக் கடைக்காரர்கள் சார்ஜர் விற்பதை நிறுத்தியிருந்தார்கள். பத்தடி அகலக் கடையில் எந்தப் பெட்டியும் தேவலோகம் போலத்தான் ஒலிக்கும். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் திறந்த வெளியில் 6 டெசிபல் போய்விடும் என்று தம்பி முணுமுணுத்தான். அவனை யாரும் சட்டை செய்யவில்லை.

கடைசியாகக் கடைக்காரர் மூன்று முள் கேபிள் இரண்டு எடுத்துப் போட்டார். நீள ஓட்டத்துக்கு இதுதான் சரி, இரைச்சலை அண்டவிடாது என்றார். விலையைக் கேட்ட மாமா, "எங்களிடம் கீபோர்டு ஒயரே நிறைய இருக்கிறது" என்று எழுந்துவிட்டார். ஸ்டாண்டும் வேண்டாம், கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்கா பஞ்சம் என்றார். தொண்ணூறாயிரம் செலவழித்தவர் ஆயிரத்தைச் சேமித்துவிட்ட பெருமிதத்தில் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

நேற்று பம்மலில் ஒரு அறுபதாம் கல்யாணம். பவர்டு ஸ்பீக்கரில் நாங்கள் யோசிக்காத ஒன்று இருந்தது. மைக் செட் அண்ணனின் பீரோக்களுக்கு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயர் போனால் போதும். இவற்றுக்கோ பாட்டு ஒயர் தனி, கரண்டு ஒயர் தனி. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் ஒரு பிளக் வேண்டும். மேடையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில், மைக்குகளின் ஒலியையும் வாத்தியங்களின் ஒலியையும் கலக்கும் மிக்ஸரையும் இடப்பக்கப் பெட்டியையும் செருகினோம். வலப்பக்கப் பெட்டிக்கான கரண்டு சாப்பாட்டுக் கூடத்திலிருந்து, காபி இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த ஒயரில்தான் தடுக்கி விழுந்தேன். முழங்கால் கதை அவ்வளவுதான்.

சுவிட்சைப் போட்டதும் வலப்பக்கப் பெட்டி "ம்ம்ம்ம்ம்" என்றது. மாமா பாடினாலும் ம்ம்ம். நிறுத்தினாலும் ம்ம்ம்.

தம்பி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "மாமா, இது கரண்டு. இரண்டு இடத்திலிருந்து எர்த் வருகிறது, நடுவில் சாதா ஒயர். 50 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட ஐந்து கட்டை."

கட்டை என்பது சுருதியின் அளவு. மாமா ஒரு கட்டையில் பாடுகிறவர். ஒரு கட்டைக்கு ஐந்து கட்டை என்ன? பஞ்சமம், தம்பூராவில் 'ஸ'வோடு சேர்ந்து ஒலிக்கிற 'ப'. மின்சார வாரியம் மாமாவுக்குப் பஞ்சமம் பிடித்துக்கொண்டிருந்தது. பாட்டு முடிவதற்குள் இரண்டு படி கீழே இறங்கிவிடுகிற மாமா, முதல் பாட்டில் தூணில் கட்டிய கன்று போல அங்கேயே நின்றார். ஐந்து கட்டைக்குக் கணக்குப்படி 49 ஹெர்ட்ஸ்தான். கரண்டு ஒரு இழை கூடுதல். மாமாவும் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார். தம்பி வேறு வழியில்லாமல் கீபோர்டின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டான்.

இருந்தாலும் 90,000 ரூபாய்ப் பெட்டி இரையலாமா? சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கி, எல்லாவற்றையும் மேடை பிளக்கிலேயே சேர்த்தோம். சத்தம் சட்டென்று நின்றது. மண்டபம் பளிங்கு போல ஆனது. மாமா இரண்டாவது பாட்டை எடுத்தார். சரணத்துக்குள் வழுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் மணமகன், அதாவது அறுபது வயதுக்காரர், மாலையோடு மேடைப் பக்கம் வந்தார். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அவருடைய அம்மா. கண்ணில் புரை, காது மட்டும் கூர்மை.

"அம்மா கேட்கிறாள்... தம்பூரா ஏன் நின்றுவிட்டது என்று."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"முதல் பாட்டு முழுக்கத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு இப்படிப் பார்த்ததில்லை. முடிந்தால் மறுபடியும் போடச் சொல்லுங்களேன்."

மாமா தொண்டையைச் செருமினார். தம்பி ஒன்றும் பேசாமல் வலப்பக்கப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை இழுத்துக்கொண்டு போய், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் செருகினான். ம்ம்ம்ம்ம் என்று எழுந்தது. பாட்டியின் கை தொடைக்குப் போனது. பத்து மணிக்கு மண்டபத்துக்காரர் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும்வரை மாமா ஒரு நூல் கூட இறங்கவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் முறை.

குழு முழுவதும் கரண்டு சுருதிக்கு ஏறியிருக்க, என் கிட்டார் மட்டும் பழைய சுருதியிலேயே மூன்று மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.