வீட்டிலேயே கோவிட் பார்த்தது: நாள் கணக்கும் ஆக்சிஜன் கணக்கும்

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை. லேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. அப்படி இருந்தவர்களைத் தன்னார்வலர்களாகத் தொலைபேசியில் பின்தொடர்ந்தபோது எது பயன்பட்டது, எங்கே சறுக்கியது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம். மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. அதற்குள் நாங்கள் போகவில்லை.

எவரிடமும் முதலில் கேட்ட கேள்வி, "இன்னைக்கு எத்தனாவது நாள்?" பலரும் ரிப்போர்ட் வந்த தேதியிலிருந்து எண்ணிச் சொல்வார்கள். அது தப்புக் கணக்கு. தொண்டைக் கரகரப்போ உடம்பு வலியோ தொடங்கிய நாள்தான் முதல் நாள். ஞாயிற்றுக்கிழமை உடம்பு வலி, புதன்கிழமை மூக்கில் மாதிரி எடுத்தார்கள், வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் என்றால் அன்றைக்கே ஆறாம் நாள். நுரையீரல் பாதிப்பு தெரியவருவது பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள். "இப்பதானே பாசிட்டிவ் வந்தது" என்று வீடு நிதானமாக இருக்கும் நேரமும் அதுவே. காய்ச்சல் விட்டதால் நிம்மதி அடைந்து, எட்டாம் நாள் மூச்சு வாங்கியவர்கள் நிறைய.

அடுத்தது ஆக்சிமீட்டர், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி. விரலில் மாட்டியதும் வரும் எண்ணை அப்படியே எழுதக் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்க வேண்டும். நகப்பூச்சை அழித்துவிட வேண்டும். மருதாணி கருக்கப் பிடித்திருந்தால் வேறு விரல். நடு விரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, கையை மார்பருகே ஆடாமல் வைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடமாவது பார்க்க வேண்டும். திடீரென 82 காட்டினால் பதறுவதற்கு முன் நன்றாக இருக்கும் இன்னொருவர் விரலில் மாட்டிப் பாருங்கள். அவருக்கும் 85 என்றால் கோளாறு கருவியிலோ பேட்டரியிலோதான். இரண்டு எண்களில் எது ஆக்சிஜன், எது நாடித்துடிப்பு என்று மாற்றிப் படிப்பதும் சகஜம். 'ஆக்சிஜன் 78' என்று அலறி வந்த அழைப்பு, விசாரித்தால் நாடித்துடிப்பாக இருக்கும். இன்னொன்று: கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிட சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் 94-ஐ நம் ஊரில் 'பரவாயில்லை' என்று எடுத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் அன்றைய வரையறைப்படி 94-ம் அதற்கு மேலும் லேசானது, 90 முதல் 93 வரை மிதமானது, 90-க்குக் கீழே தீவிரம். உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பார்த்தால் சரிவு தாமதமாகத்தான் தெரியும். அதனால் ஆறு நிமிட நடை. ஓய்வில் அளந்து எழுதிவிட்டு, அறைக்குள்ளேயே நிற்காமல் நிதானமாக ஆறு நிமிடம் நடந்து, உடனே மீண்டும் அளக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். 93-க்குக் கீழே போனாலோ, முன்னதைவிட மூன்றுக்கு மேல் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஓய்விலேயே 94-க்குக் கீழே இருப்பவரையும் மூச்சு வாங்குபவரையும் நடக்கவிடக் கூடாது. அவர் ஏற்கெனவே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்.

இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. 86-இல் இருப்பவர் தெளிவாகப் பேசுவார், இட்லி சாப்பிடுவார், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பார். ஆகவே அவர் சொல்வதைவிட நோட்டில் இருப்பதை நம்பினோம். நேரம், காய்ச்சல், ஓய்வில் ஆக்சிஜன், நடந்தபின் ஆக்சிஜன், நாடி, ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை என ஆறு கட்டங்கள். நாளுக்கு நான்கு முறை. மூச்சை அவருக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகமே மாறிவிடும். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணுவது நல்லது. 24-ம் அதற்கு மேலும் என்றால் ஆக்சிமீட்டர் என்ன சொன்னாலும் மருத்துவரை அழைக்க வேண்டும்.

எண் 94-க்குக் கீழே இறங்கி, வண்டி வரும்வரை செய்யக்கூடியது குப்புறப் படுப்பது. ஐந்து தலையணை வேண்டும்: கழுத்துக்குக் கீழே ஒன்று, மார்பிலிருந்து தொடைவரை ஒன்றோ இரண்டோ, கணுக்காலுக்கு மேல் முன்னங்காலுக்கு அடியில் இரண்டு. வயிறு அழுந்தக் கூடாது. மூச்சு இறங்க இடம் வேண்டும். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் குப்புற, பிறகு வலப்பக்கம், சாய்ந்து உட்கார்தல், இடப்பக்கம் என்று மாற்ற வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான். கர்ப்பிணிகள், கடுமையான இதய நோயாளிகள், முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு முறிந்தவர்கள் செய்யக் கூடாது. இதில் நடந்த பெரிய தவறு, குப்புறப் படுத்ததும் 95 வந்துவிட்டது என்று மருத்துவமனைப் பயணத்தை ரத்து செய்தது. எழுந்து உட்கார்ந்ததும் அது மறுபடி இறங்கிவிடும்.

ஸ்டீராய்டு பற்றி ஒரே வார்த்தை: தானாக வேண்டாம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படுபவர்களின் உயிரைக் காத்தது. தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை, கெடுதலுக்கும் வாய்ப்பு உண்டு என்பது 2020-இலேயே தெரிந்திருந்தது. அப்படியும் வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச் சீட்டைக் காட்டி இரண்டாம் நாளே வாங்கி விழுங்கினார்கள். சர்க்கரை எகிறியது. பின்னால் வந்த கருப்புப் பூஞ்சை நோய்க்கு அதுவும் ஒரு காரணம்.

சிலிண்டர் கிடைத்த வீடுகளில் கணக்குத் தெரியாததால் வந்த பதற்றமே அதிகம். கணக்கு எளிது: சிலிண்டரில் உள்ள லிட்டரை, நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் வகுக்க வேண்டும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 300 நிமிடம், அதாவது ஐந்தே மணி நேரம். பெரிய டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். அதே ஓட்டத்தில் 23 மணி நேரம். அழுத்தமானியின் முள் பாதிக்கு வந்தால் நேரமும் பாதி. ஆக்சிமீட்டர் எண்ணை 99-க்கு ஏற்றப் பார்ப்பது வீண் செலவு. பெரும்பாலோருக்கு 92 முதல் 96 போதும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு 88 முதல் 92-தான் இலக்கு, அளவு மீறினால் ஆபத்து.

ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபயர் பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் காற்று அங்கேயே கசிந்துவிடும். ஓட்டத்தைக் காட்டும் மீட்டரில் உருண்டை மிதக்கும், மூக்குக்கு ஒன்றும் வராது. குழாய் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது. மூக்கு காய்ந்தால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது. அதே அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. பாட்டிமார்களிடம் இந்த ஒன்றைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் என்றால் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைக்க வேண்டும். கரண்ட் போனால் நின்றுவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு சிறு சிலிண்டராவது வேண்டும்.

படுக்கை தேடும்போது 104-க்கோ 108-க்கோ அழைப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்த வீடுகள் நேரத்தை மிச்சப்படுத்தின: வயது, எத்தனையாவது நாள், ஆக்சிஜன் இல்லாமல் எவ்வளவு, எத்தனை லிட்டரில் எவ்வளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், முழு முகவரி. "சீரியஸ்" என்ற சொல்லை வைத்து எவராலும் படுக்கை ஒதுக்க முடியாது. ரிப்போர்ட் வரவில்லை என்று திருப்பி அனுப்பினால் வாதாட இடமிருந்தது. சேர்க்கைக்கு பாசிட்டிவ் ரிப்போர்ட் கட்டாயமில்லை என்று மே 8-ஆம் தேதியே மத்திய அரசு அறிவித்திருந்தது. படுக்கை கிடைத்ததும் வலைத்தளங்களில் போட்ட வேண்டுகோளை அழிக்க வேண்டும். அழிக்காததால் மறுநாளும் பத்துப் பேர் அந்த எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஒருவர் மட்டுமே. உள்ளே போகும்போது இருவருக்கும் என்95 முகக்கவசம். அறை ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கதவுப்பிடியைத் துடைப்பதற்குச் செலவான நேரத்தில் பாதியை ஜன்னலுக்குக் கொடுத்திருக்கலாம். துடைக்க 5 சதவீத பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் போதும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிப்பறை ஆசிடோடு சேர்த்தால் குளோரின் வாயு வரும். பயன்படுத்திய முகக்கவசத்தை வெட்டிக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து பிறகு குப்பையில் போட வேண்டும்.

அறிகுறி தொடங்கிப் பத்து நாள் கழிந்து, கடைசி மூன்று நாளில் காய்ச்சல் இல்லையென்றால் தனிமை முடிந்தது என்பது அப்போதைய விதி. 2022 ஜனவரியில் அது பாசிட்டிவ் வந்ததிலிருந்து ஏழு நாள் என்றானது. மறுபரிசோதனை தேவையில்லை என்றே வழிகாட்டுதலில் இருந்தது. ஆனாலும் பல அலுவலகங்கள் நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்டன. செத்த வைரஸின் துணுக்குகளால் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். அப்படிக் கேட்கும் அலுவலகத்துக்கு வழிகாட்டுதலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, முதல் அறிகுறித் தேதி எழுதிய மருத்துவர் சான்றோடு சேர்த்துக் கொடுப்பதே பலருக்கும் வேலை செய்தது.