சோர்க்கி-4: ரேஞ்ச்ஃபைண்டரை நேர்செய்த கதை

சோவியத் கேமராக்களில் எனக்கு மிகவும் பிடித்தது சோர்க்கி-4. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் தயாரானது. என்னிடம் வந்ததன் சீரியல் எண் 63 என்று தொடங்குகிறது. இந்த மாடலில் பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கங்கள்தான் தயாரித்த ஆண்டு. லென்ஸ் ஜூபிட்டர்-8, 50 மி.மீ., எஃப்/2. ஷட்டர் நன்றாகவே ஓடியது. இதில் ஃபோகஸைக் காட்டுவது ரேஞ்ச்ஃபைண்டர்: கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும், லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றுசேர்த்தால் ஃபோகஸ் சரி. ஆனால் என்னுடையதில் அந்த இரட்டை உருவம் தூரத்துப் பொருளில் ஒன்றுசேரவில்லை. போதாக்குறைக்கு ஒன்று மற்றதைவிடச் சற்று மேலே நின்றது.

திருகுகளைத் தொடும் முன் லென்ஸைச் சோதித்துவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான். லென்ஸே தவறான இடத்தில் ஃபோகஸ் செய்தால், ரேஞ்ச்ஃபைண்டரை எவ்வளவு நேர்செய்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். இதில் பின்மூடியும் அடிப்பாகமும் சேர்ந்தே கழன்றுவிடுவது வசதி. ஃபிலிம் படியும் உள் தண்டவாளங்களின் மேல் மங்கலான மேஜிக் டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினேன். ஷட்டரை 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மூடாத நிலை) திறந்து வைத்து, லென்ஸின் ஒளித்துளையான அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த செல்போன் கோபுரத்தை உருப்பெருக்கியால் பார்த்தேன். லென்ஸின் இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) குறியில் கோபுரத்தின் கம்பிகள் தெளிவாக இருந்தன. சரி, லென்ஸில் கோளாறு இல்லை.

அடுத்தது மேல்-கீழ் விலகல். முன்புறம் சிறிய வட்டச் சன்னலைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றினால், உள்ளே ஆப்பு வடிவக் கண்ணாடி ஒன்று தெரியும். அதை மெல்லத் திருப்பினால் உருவம் ஏறி இறங்கும். கூடவே பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும். அதனால்தான் இதை முதலில் முடிக்க வேண்டும். அப்புறம் முன்பக்கத்திலேயே இருக்கும் ஒரு சின்ன மூடித் திருகை எடுத்தேன். உள்ளே இருப்பது இன்ஃபினிட்டிக்கான திருகு. மயிரிழை திருப்பினாலே கோபுரம் நகர்கிறது. ஒவ்வொரு முறையும் லென்ஸை இன்ஃபினிட்டிக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன். பக்கத்துக் கட்டடம் இதற்கு உதவாது. நிலா இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு மீட்டர் தூரத்தில் சோதனை. அப்பெர்ச்சர் முழுதாகத் திறந்த எஃப்/2-இல் அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 5 செ.மீ.தான், சலுகையே கிடையாது. அளவு நாடாவால் அளந்து வைத்த செய்தித்தாளை, பின்னால் ஒட்டிய மேஜிக் டேப்பிலும் ரேஞ்ச்ஃபைண்டரிலும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாவிட்டால் லென்ஸுக்குப் பின்னால், அதன் அசைவை ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கடத்தும் நாக்கின் முனையைச் சற்றே திருப்ப வேண்டியிருக்கும். அதைத் தொட்டால் இன்ஃபினிட்டியை மறுபடி சரிபார்க்காமல் விடக்கூடாது.

இந்தக் கேமரா வாங்குபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, ஃபிலிம் நகர்த்தும் குமிழைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்றுங்கள். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே பொறிமுறை கெட வாய்ப்புண்டு. ஃபிலிமைத் திரும்பச் சுருட்டும் ரீவைண்ட் குமிழுக்குக் கீழே உள்ள நெம்புகோலை உங்கள் கண்ணுக்கு ஏற்ப நகர்த்துங்கள், பாதிப்பேருக்கு இரட்டை உருவம் மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

முதல் ரோலில் எஃப்/2-இல் எடுத்த முகங்களில் இமைமுடி வரை தெளிவு. இப்போது இண்டஸ்டார்-61 என்ற இன்னொரு லென்ஸ் வரப்போகிறது. அதையும் மேஜிக் டேப்பில் பார்த்துவிட்டுத்தான் ஃபிலிம் போடுவேன்.