துண்டு இருந்தும் மருந்து இல்லை

மாமாவுக்குச் சீனி வருத்தத்தால் நரம்பு பழுதாகி, இரவில் பாதம் நெருப்பாய் எரியும். பிரிகாபலின் என்ற நரம்பு வலிக் குளிசைக்கு டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு நேற்று மட்டக்களப்பு டவுன் முழுக்க அலைந்தேன். ஒரு பாமசிக்காரர் துண்டைப் பார்க்கவேயில்லை, என் தாடியைத்தான் பார்த்தார். "அது நாங்க எடுக்கிறதில்ல தம்பி."

பெடியன்கள் அதைப் போதைக்கு விழுங்குவது உண்மைதான். கடைக்காரரின் பயமும் புரிகிறது. சரி, சந்தேகம் என்றால் டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கலாமே? சீலும் பதிவு இலக்கமும் துண்டில்தானே கிடக்கிறது!

இந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் நித்திரை போகும், வியர்க்கும், பதற்றம் வரும். வலிப்புக்காரருக்கு வலிப்பே திரும்பலாம்.

களுவாஞ்சிக்குடி, செங்கலடிப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நாளை இரவுக்கு மட்டும்தான் குளிசை மிச்சம்.