பொறி பறக்கிறது, வெடிக்கத்தான் மாட்டேன் என்கிறது

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு சிக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கிற துப்பாக்கியைத்தான் எடுத்துப் போக வேண்டும். 1974இலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. அதனாலேயே இந்தப் பழங்காலப் பொறியமைப்பு இங்கே இன்னும் புதுச் சரக்காகக் கடையில் கிடைக்கிறது. நான் வேட்டைக்குப் போகிற ஆள் இல்லை. சுடுதளத்தில் தொங்கும் இரும்புத் தட்டில் குண்டு பட்டு ‘டங்’ என்றால் எனக்குப் போதும். ஆனால் என்னுடைய 0.50 அங்குலக் குழாய்த் துளை உள்ள ரைபிள், இந்த மாநிலத்து லங்காஸ்டர் பகுதியின் பழைய பாணியில் செய்த நகல், மனசு வைத்தால்தான் வெடிக்கும்.

முதலில் எந்த இடத்தில் தீ நின்றுபோகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. விசையை அழுத்தினால் பாய்ந்து அடிக்கும் சுத்தியலுக்குக் குதிரை என்று பேர். அது கவ்வியிருக்கும் கல், ஃபிரிஸன் என்கிற எஃகுத் தகட்டைச் சுரண்டும். சுரண்டிய எஃகுத் துகள்தான் எரிந்துகொண்டே கீழே உள்ள கிண்ணியில் விழுகிறது. அங்கே இருக்கும் வெடிமருந்து தீப்பிடித்து, அந்தத் தீ பக்கத் துளை வழியாகக் குழாய்க்குள் இருக்கும் மருந்தை எட்டுகிறது. மூன்று கட்டம். என் ரைபிள் மூன்றிலும் மாற்றி மாற்றி மக்கர் செய்தது.

பொறியைப் பார்க்க ராத்திரி கராஜில் விளக்கை அணைத்துக்கொண்டேன். அதற்கு முன், மருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் கோலைக் குழாய்க்குள் விட்டு, ‘காலி’ என்று அதில் போட்டிருக்கும் கோடு குழாய் வாயோடு சேர்கிறதா என்று சரிபார்த்தேன். இதைச் செய்யாமல் குதிரையைத் தொடுவதே இல்லை. விசையை அழுத்தினால் நாலைந்து மங்கலான சிவப்புப் புள்ளிகள், அதுவும் கிண்ணிக்கு வெளியே. தகடு பதம் போய்விட்டதோ என்று சந்தேகம். ஓரத்தில் சின்ன அரத்தை வைத்து இழுத்தேன், பிடிக்காமல் வழுக்கியது. கடினமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் கல். துப்பாக்கியோடு வந்தது இயந்திரத்தில் அறுத்த கல், முனை மழுங்கியிருந்தது. இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் பிராண்டன் என்ற ஊரின் கறுப்புக் கல் வாங்கினேன். அந்த ஊர் இந்தக் கல்லுக்காகவே பேர் வாங்கியது. தோல் துண்டில் சுற்றி, முனை தகட்டுக்கு நேர் இணையாக நிற்கும்படி இறுக்கினேன். குதிரை பாதி ஏற்றத்தில் இருக்கும்போது கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. கல்லின் சரிவு கீழே இருந்தபோது தகட்டின் உச்சியில் இடித்தது, பொறி சிதறியது. திருப்பிப் போட்டேன், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் தொட்டு அடிவரை சுரண்டிக்கொண்டு இறங்கியது. எப்படி வைப்பது என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, ஆல்கஹாலால் துடைத்தேன். இப்போது வெள்ளை வெளேரென்று பொறி, கிண்ணியில் விழுந்த பிறகும் ஒரு கணம் சீறுகிறது.

அடுத்து மருந்து. நிஜக் கருமருந்து சட்டப்படி வெடிபொருள் என்பதால் பல கடைகள் அதை வைத்துக்கொள்வதில்லை. மாற்று மருந்தைத்தான் நீட்டுவார்கள். கல்லுக்குப் பதில் தொப்பி என்கிற சின்ன வெடிமூடியை வைத்து வெடிக்கிற துப்பாக்கிக்கு அது சரி. ஆனால் கருமருந்து ஏறத்தாழ 240 டிகிரி செல்சியஸில் பற்றும், பைரோடெக்ஸ் என்கிற மாற்று மருந்துக்கோ 400ஐ ஒட்டி வேண்டும். கல் தருகிற பொறிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. உள்ளே 60 கிரெய்ன் (ஏறக்குறைய 4 கிராம்) எடைக்கு 3 எஃப் என்கிற நடுத்தரப் பொடி, கிண்ணிக்கு இன்னும் பொடியாக இருக்கும் 4 எஃப், இரண்டுமே கருமருந்து என்று முடிவாகிவிட்டது.

இதற்குப் பிறகும் கிண்ணி ‘புஸ்’ என்று எரிந்து, ஒரு இழுவை இழுத்து, அப்புறம்தான் ‘டும்’. சில தடவை வெறும் ‘புஸ்’தான். அப்படி நடந்தால் குழாயை இலக்கை விட்டு எடுக்காமல் ஒரு நிமிஷமாவது காத்திருக்க வேண்டும், உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். காரணம் துளையில் இருந்தது. விட்டம் 1.6 மில்லிமீட்டர், அதில் குறை சொல்ல முடியாது. துளை இருக்கும் மரையாணியைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் நீள நெடுகக் குறுகல் ஓட்டை. அதற்குள் மருந்து நிறைந்துவிட்டால் பட்டாசுத் திரி மாதிரி முனையிலிருந்து எரிந்துகொண்டே போகும். வேண்டியது அது இல்லை, கிண்ணிச் சுடர் ஒரே தாவலில் உள்மருந்தைத் தொட வேண்டும். ஓட்டையின் வாயை அகட்டுகிற கவுண்டர்சிங்க் பிட்டைக் கையாலேயே திருகி, உட்பக்கத்தைப் புனல் வடிவில் அகட்டினேன். வெளியே ஒரு மில்லிமீட்டர் கனம்தான் மிச்சம். மரையில் மசகு தடவித் திரும்பப் பொருத்தியாயிற்று.

கூடவே இரண்டு பழக்கம். கெட்டிக்கும்போது துளையில் பைப் கிளீனர் என்கிற பஞ்சு சுற்றிய கம்பி ஒன்று செருகியிருக்கும், உருவினால் மருந்தில் தீ போக ஒரு வழி கிடைக்கும். கிண்ணியில் மருந்து மூன்றில் ஒரு பங்குதான், துளை வாயை மூடக்கூடாது. நிறையப் போட்டால் நன்றாகப் பற்றும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. சுடுவதற்கிடையே குழாயைத் துடைக்கும் துணி லேசான ஈரத்தோடு இருந்தால் போதும். சொட்டச் சொட்ட நனைத்தால் கரிக் குழம்பு முழுக்க அடியில் இறங்கித் துளையை அடைத்துவிடுகிறது.

இப்போது உலர்ந்த நாளில் கிண்ணி வெடிப்பதும் உள்ளே வெடிப்பதும் ஒரே சத்தமாகக் கேட்கிறது. ஜூலைப் புழுக்கத்தில்தான் பாக்கி. கருமருந்தின் சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். கிண்ணியில் கறுப்புச் சேறு கட்டி, புது மருந்தையும் நமத்துப்போகச் செய்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கிண்ணியையும் தகட்டின் அடியையும் துடைத்தால் சமாளிக்கலாம். தகடு கிண்ணியோடு முழுசாகப் பொருந்தவில்லை என்றும் நினைக்கிறேன், காற்றடித்தால் ஓரமாக மருந்து கசிகிறது. விளக்குக் கரி தடவி மூடிப் பார்த்து, கரி ஒட்டுகிற இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அது அடுத்த வேலை.