புற்றுநோய்க்குப் பிறகு மனசுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டேன்

எனக்கு வந்தது மெலனோமா. தோல் புற்றுநோயில் பொல்லாத வகை. நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்கு இது பெரும்பாலும் உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்துக்கு அடியிலோதான் வருமாம். வெயிலுக்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. எனக்கு வலது குதிங்காலில். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டியை, அதைச் சுற்றியிருந்த நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, தொடைத் தோலை ஒட்டினார்கள். தொடை இடுக்கில் நெறிக்கட்டியையும் எடுத்துச் சோதித்தார்கள். பரவவில்லை.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது, ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. வீட்டில் குலதெய்வத்துக்குக் கெடா வெட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும். சோறு இறங்காது. மாட்டுக்குத் தீவனம் வைக்கக்கூட மனசு வரவில்லை. ராத்திரியானால் செல்போன் வெளிச்சத்தில் உடம்பில் இருக்கிற மச்சத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பார்க்க வந்த ஒறம்பரைகள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, இதே நோயில் போனவர்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவர் நான் கொடுத்த காபியைத் தொடவே இல்லை. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

செக்கப்புக்குப் போனால் காலைப் பார்ப்பார்கள், தொடை இடுக்கை அமுக்கிப் பார்ப்பார்கள், "நல்லா இருக்கீங்க" என்பார்கள். தூக்கம் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆதங்கம்தான்.

என் அண்ணன் மனைவி, எங்கள் நங்கையா, ஒரு வாரம் வந்து தங்கியிருந்தார். கிளம்புகிற அன்று சொன்னார்: "அம்மிணி, இது காலு நோவு இல்ல. அடுத்த தடவ டாக்டர் கேக்கட்டும்னு இருக்காத, நீயே சொல்லிப்போடு." சொன்னேன். டாக்டர் அன்றே மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே முதலில் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாள் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தது என்று 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்றார்கள். நான் நன்றாகவே தாண்டியிருந்தேன். களைப்பும் பசியின்மையும் புற்றுநோயாலும் வரலாம், சிகிச்சையாலும் வரலாம் என்பதால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனதையும், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்ற நினைப்பையும்தான் மனநல டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். கடைசியில், "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அழுதேன். அந்தக் கேள்வியால் எனக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை, நெஞ்சில் இருந்த கனம்தான் குறைந்தது. என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு, தோட்டத்துப் பூச்சி மருந்தையெல்லாம் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னார். 14416 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. எந்நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்சிடாலோப்ராம் மாத்திரை, குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். முதல் வாரம் குமட்டல்தான் மிச்சம். குணம் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மாத்திரையைவிட எனக்கு அங்கிருந்த மனநலக் கவுன்சிலர் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் அதிகம் பிடித்தன. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையாக ஒன்றைக் குறித்த நேரத்தில் செய்துவிட வேண்டும். நான் சாயங்காலப் பால் கறவையை எடுத்துக்கொண்டேன். முதலில் இயந்திரம் மாதிரிதான் செய்தேன். போகப் போக மாடு என்னைத் தேடிக் கத்த ஆரம்பித்தது. இன்னொன்று, மச்சம் பார்க்கிற வேலை. அதை அடியோடு விடச் சொல்லவில்லை, மெலனோமா வந்தவர் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். மாதம் ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், கண்ணாடி வைத்து, உள்ளங்கால், நகம், முதுகு எல்லாம் பார்ப்பது. மற்ற நாளில் கை அங்கே போனால் எழுந்து வெளியே நடப்பது. முதுகை நங்கையா பார்த்துச் சொல்வார்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று: மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.

இப்போது தூக்கம் வருகிறது, விசேஷங்களுக்குப் போகிறேன். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை தொடர வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். செக்கப் நெருங்கினால் இன்றும் பயம் வருகிறது. அதனால் அந்த வாரத்துக்குக் கவுன்சிலரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கி வைத்துவிடுகிறேன்.